முருகைக்கற்பாறைகள் எங்கே வளர்கின்றன, ஏன் அங்கே? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்கும்போது வந்த கேள்விகள் இவை. சிலவற்றைப் பெற்றோரும் தோட்டத்துப் பெரியவர்களும் கேட்டார்கள். கடலை ஒருமுறை இருமுறை மட்டுமே பார்த்தவர்கள்தான் பெரும்பாலும் நல்ல கேள்விகளைக் கேட்கிறார்கள். எதையும் அது அப்படித்தான் என்று அவர்கள் விட்டுவிடுவதில்லை. நம் பாடநூலில் வரும் முருகைக்கற்பாறையும் பத்திரிகையில் வரும் பவளப்பாறையும் ஒன்றுதான். இங்கே இரண்டு பெயரும் வரும்.

முருகைக்கல் கல்லா, செடியா, உயிருள்ள பிராணியா?

பிராணி. ஜெலிமீனுக்கும் கடற்சாமந்திக்கும் உறவு. பொலிப் என்று சொல்லப்படும் அந்தச் சின்ன உடம்பு பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். நடுவில் ஒரு வாய், சுற்றிவரச் சிறு கைகள். கடல் நீரில் கரைந்திருக்கும் கல்சியத்தையும் காபனேற்றையும் எடுத்துத் தன் அடியில் ஒரு கல் கிண்ணம் கட்டிக்கொள்ளும். அதுதான் கல்சியம் காபனேற்று, அதாவது சுண்ணாம்பு. ஒன்று இரண்டாகப் பிரிந்து, அவை நாலாகி, பழையவை செத்த கல்லின் மேல் புதியவை கட்டிக் கட்டித்தான் பாறை எழும்புகிறது. ஒரு பெரிய முருகைக்கல்லில் உயிருள்ளது மேல்தோல் மட்டும்.

அந்தத் தோலுக்குள்ளே இன்னோர் உயிர் குடியிருக்கிறது: கண்ணுக்குத் தெரியாத ஒருவகை அல்கா. அது சூரிய ஒளியில் ஒளித்தொகுப்புச் செய்து, முருகைக்குத் தேவையான சக்தியில் 90 சதவீதம் வரை கொடுக்கிறது. இரவில் பொலிப் தன் கைகளை நீட்டிச் சிறு மிதவையுயிர்களைப் பிடித்துத் தின்பதும் உண்டு, ஆனால் வீட்டுச் செலவைத் தாங்குவது அல்காதான். இந்த அல்காவை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அங்கேதான் போய் நிற்கும்.

உலகில் எங்கெங்கே இருக்கின்றன?

பெரும்பாலும் மத்தியகோட்டுக்கு வடக்கே 30 பாகை, தெற்கே 30 பாகை அகலக்கோடுகளுக்கு இடையில். 2001ல் ஐக்கிய நாடுகள் சூழல் அமைப்பு வெளியிட்ட கணக்கின்படி மொத்தப் பரப்பு சுமார் 2,84,300 சதுர கிலோமீட்டர். நம் இலங்கையைப் போல நாலு மடங்குக்குச் சற்று மேல். உலகக் கடற்பரப்போடு பார்த்தால் அது நூறில் ஒரு பங்கின் பத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் கடல்வாழ் இனங்களில் கால்வாசி வாழ்க்கையின் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தப் பாறைகளை நம்பியிருக்கின்றன.

இந்தப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் இந்து சமுத்திரத்திலும் பசுபிக்கிலும் இருக்கிறது. அதிலும் செழிப்பான இடம் இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், கிழக்குத் திமோர், பப்புவா நியூகினி, சொலமன் தீவுகள் ஆகிய ஆறு நாடுகளின் கடல். இதைப் பவள முக்கோணம் என்கிறார்கள். பாறை கட்டும் முருகை இனங்களில் முக்கால்வாசி அங்கே உண்டு, ஏறத்தாழ 600 இனங்கள். அதற்குத் தெற்கே அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாறை 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. தொடர்ச்சியான ஒரே மதில் என்று நினைத்துவிடாதீர்கள், கிட்டத்தட்ட 3,000 தனித்தனிப் பாறைகளின் கூட்டம் அது.

நம் பக்கத்துக்கு வந்தால் மாலைதீவு, இலட்சத்தீவு, சாகோஸ் மூன்றும் முழுக்க முருகையால் ஆன தீவுகள். செங்கடலும் கிழக்கு ஆபிரிக்கக் கரையும் உண்டு. அத்திலாந்திக்கில் கரீபியன் கடலும் புளோரிடாவும் பகாமாசும்தான் முக்கியம். மெக்சிக்கோவின் யுகட்டானிலிருந்து பெலீஸ் வழியாக ஹொண்டுராஸ் வரை ஒரு நீண்ட தொடர் இருக்கிறது. ஆனால் அத்திலாந்திக் முழுவதிலும் இருக்கும் பாறை கட்டும் இனங்கள் எழுபது அளவில்தான்.

சேர், ஏன் சூடான கடலில் மட்டும்?

கடல் 18 பாகை செல்சியசுக்குக் கீழே போய் நீண்ட நாள் அப்படியே நின்றால் பாறை கட்டும் முருகை தாங்காது. அதற்கு மிகவும் ஒத்துவருவது 23 முதல் 29 பாகை வரை. நுவரெலியாவில் காற்றின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 16 பாகை. அந்தக் குளிரில் ஒரு கடல் இருந்தால் அங்கே முருகைப்பாறை இருக்காது என்று வைத்துக்கொள்ளலாம்.

பாறை கட்டுவதற்கும் சூடு உதவுகிறது. சூடான நீரில் கல்சியம் காபனேற்று எளிதில் படியும், குளிர்ந்த நீரில் கரைந்தே இருக்கப் பார்க்கும். இன்னொரு காரணமும் உண்டு, பாடக் குறிப்புகளில் இதை அதிகம் காண முடிவதில்லை. துருவப் பக்கம் போகப் போகக் குளிர்காலத்தில் பகல் குறுகும், வெயில் சாய்ந்து விழும், உள்ளே இருக்கும் அல்காவுக்கு மாதக்கணக்கில் போதிய ஒளி கிடைக்காது.

வெப்பம்தான் காரணமென்றால் மத்தியகோடு நெடுகிலும் இருக்க வேண்டுமே?

இதைக் கேட்ட பிள்ளையைப் பாராட்ட வேண்டும். ஏனென்றால் உலகப் படத்தில் முருகை இருக்கும் இடங்களைக் குறித்துப் பார்த்தால் ஒரு விஷயம் உடனே கண்ணில் படும். ஒவ்வொரு சமுத்திரத்துக்கும் மேற்குப் பக்கத்தில் அவை நிறைந்திருக்கும், கிழக்குப் பக்கத்தில் அங்கொன்று இங்கொன்றுதான் இருக்கும். பசுபிக்கின் மேற்கில் பவள முக்கோணம், கிழக்கில் பெரு, சிலி கரையில் ஒன்றுமில்லை. அத்திலாந்திக்கின் மேற்கில் கரீபியன், கிழக்கில் மேற்கு ஆபிரிக்கக் கரை நெடுக முருகை இனங்கள் சில இருந்தும் உண்மையான பாறைகள் இல்லை.

காரணம் காற்று. அயன வலயத்தில் வருடம் முழுக்கக் கிழக்கிலிருந்து மேற்காக வீசும் வியாபாரக் காற்றுகள் கடலின் மேற்பரப்பில் இருக்கும் சூடான நீரை மேற்கு நோக்கித் தள்ளிச் சேர்க்கின்றன. சமுத்திரத்தின் கிழக்குப் பக்கத்தில் அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்நீர் மேலே வருகிறது. துருவப் பக்கத்திலிருந்து குளிர் நீரோட்டங்களும் அந்தக் கரையோரமாகவே மத்தியகோட்டை நோக்கி ஓடுகின்றன. பெருவுக்கு ஹம்போல்ட் நீரோட்டம், நமீபியாவுக்குப் பெங்குவெலா, வடக்கே கலிபோர்னியா, கனாரி நீரோட்டங்கள். கலபாகஸ் தீவுகள் மத்தியகோட்டின் மேலேயே இருக்கின்றன, ஆனால் அங்கே பென்குயின்கள் வாழ்கின்றன, முருகைப்பாறைகள் மிகக் குறைவு. அங்கே இருந்த கொஞ்சமும் 1982-83ல் வந்த எல் நினோவின், அதாவது சில வருடங்களுக்கொருமுறை பசுபிக்கின் கிழக்குப் பக்கக் கடல் சூடேறும் நிகழ்வின், திடீர்ச் சூட்டில் பெரும்பாலும் செத்துப்போயிற்று.

இதற்கு நேர்மாறான ஓர் இடமும் உண்டு. அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரை இந்து சமுத்திரத்தின் கிழக்குப் பக்கம். மேலே சொன்ன விதிப்படி அங்கே குளிர் இருக்க வேண்டும். ஆனால் லீவின் என்ற சூடான நீரோட்டம் வடக்கிலிருந்து அந்தக் கரையோரம் தெற்கே இறங்குகிறது. அதனால்தான் நிங்கலூ என்ற 260 கிலோமீட்டர் நீளப் பாறை அங்கே நிற்கிறது. விதி மாறவில்லை, நீரோட்டம் மாறியிருக்கிறது.

நம் கடலிலும் காற்றின் வேலையைப் பார்க்கலாம். மே மாதத்தில் தொடங்கி மஸ்கெலியாவிலும் நோர்வூட்டிலும் வெயிலே தெரியாமல் அடைமழை கொட்டவைக்கிறதே தென்மேல் பருவக்காற்று, அதே காற்றுத்தான் இங்கே வருவதற்கு முன் சோமாலியா, ஓமான் கரைகளை ஒட்டி வேகமாக வீசி மேற்பரப்பு நீரை நடுக்கடலுக்குத் தள்ளுகிறது. ஆழத்துக் குளிர்நீர் மேலே வந்து, உச்சிக் கோடையில் சோமாலியக் கடல் சில இடங்களில் 20 பாகைக்கும் கீழே இறங்கும். முருகைக்கு அங்கே பிழைப்பு கடினம். ஓமானின் தோபார் கரையில் குளிர்கடலுக்கே உரிய பெரிய பழுப்புக் கடற்பாசிகளும் முருகையும் ஒரே இடத்தில் வளர்கின்றன. உலகில் வேறெங்கும் எளிதில் காண முடியாத காட்சி. நம் மலையின் மழையும் அரேபியக் கரையின் குளிர்கடலும் ஒரே காற்றின் இரண்டு வேலைகள் என்பதை நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வேன்.

எவ்வளவு ஆழம் வரை வளரும்?

பாறை கட்டுவது பெரும்பாலும் 50 மீட்டருக்குள். அதற்குக் கீழே அல்காவுக்கு ஒளி போதாது. தெளிந்த கடலில் சில இனங்கள் 150 மீட்டர் வரைக்கும் போகும், ஆனால் அங்கே வளர்ச்சி மெதுவானது. மேலே எல்லை வற்றுக்கடல் மட்டம், வெயிலில் நீண்ட நேரம் காய்ந்தால் செத்துவிடும்.

பெரிய ஆறுகள் கடலில் விழும் இடங்களில் ஏன் இல்லை?

மூன்று காரணங்கள் ஒன்றாக வருகின்றன. ஆற்று நீர் நன்னீர், முருகைக்கு ஏறத்தாழ ஆயிரத்துக்கு 32 முதல் 42 பங்கு உவர்ப்பு வேண்டும். திறந்த கடல் 35 அளவில் இருக்கும். இரண்டாவது, சேறு. அது பொலிப்பின் மேல் படிந்து வாயை மூடும், நீரையும் கலக்கி ஒளியை மறைக்கும். தவறணையில் தேயிலைக் கன்றுகளுக்கு மேலே நிழல் வலையை இரண்டு மடங்காகப் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், கலங்கிய நீருக்கு அடியில் இருக்கும் அல்காவுக்கும் அதேதான். மூன்றாவது, முருகைக் குஞ்சு ஒட்டி நிற்க உறுதியான அடித்தளம் வேண்டும். சேற்றில் அது நிலைக்காது.

அதனால் கங்கையும் பிரம்மபுத்திராவும் விழும் வங்காள விரிகுடாவின் தலைப்பக்கம் முழுவதும் சேறும் கண்டலும்தான். வங்காளதேசத்தின் தென்கோடியில், ஆற்று முகத்திலிருந்து தள்ளி இருக்கும் சென் மார்ட்டின் தீவைச் சுற்றித்தான் கொஞ்சம் முருகை. அமேசன் வாயிலும் கரையோரப் பாறை இல்லை. ஆனால் 2016ல் ஒரு செய்தி வந்தது: அந்தக் கலங்கல் நீருக்கு அடியில், ஆழத்தில், கடற்பஞ்சுகளும் சுண்ணாம்பு படிக்கும் அல்காக்களும் அதிகமாகவும் முருகை கொஞ்சமாகவும் உள்ள பெரிய பாறைத் தொகுதி ஒன்றை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வெயிலை நம்பும் முருகையின் பாறை அல்ல அது.

செங்கடல் இதற்கு எதிர்ப்பக்கம். சுற்றிலும் பாலைவனம், வற்றாத ஆறு ஒன்றுகூட விழுவதில்லை, நீர் கண்ணாடி போல இருக்கிறது. உவர்ப்பு 40ஐத் தொட்டாலும் முருகை அங்கே செழிக்கிறது.

தெளிந்த நீர் என்றால் சத்தில்லாத நீர் அல்லவா? அதில் எப்படி இவ்வளவு மீன்?

சத்தில்லாத நீர்தான். அயனக் கடல்கள் நீலமாகத் தெரிவதே அதில் மிதக்கும் உயிர்கள் குறைவு என்பதால். அப்படியிருந்தும் முருகைப்பாறை மட்டும் உயிரால் நிறைந்திருப்பதை சார்ள்ஸ் டார்வின் காலத்திலிருந்தே பலரும் வியந்திருக்கிறார்கள்.

விடை, எதுவும் வீணாவதில்லை என்பதில் இருக்கிறது. முருகையின் கழிவில் இருக்கும் நைதரசனையும் பொசுபரசையும் உள்ளே இருக்கும் அல்கா அப்படியே எடுத்துக்கொள்கிறது, பதிலுக்குச் சீனியைக் கொடுக்கிறது. முருகை சுரக்கும் கோழையைப் பக்ரீறியாக்கள் தின்கின்றன, கரைந்துபோன உணவைக் கடற்பஞ்சுகள் உறிஞ்சித் திரும்பவும் தின்னக்கூடியதாக்கித் தருகின்றன. வெளியிலிருந்து வருவது கொஞ்சம், உள்ளே சுற்றுவது நிறைய. வெளியிலிருந்து திடீரென்று அதிக உரம் வந்தால் இந்த ஒழுங்கு குலையும். வேகமாக வளரும் கடற்பாசி முருகையை மூடிவிடும். சத்துக் கூடுவது இங்கே கேடு.

நடுக்கடலில் வட்டமாக ஒரு தீவு, நடுவில் குளம். அது எப்படி வந்தது?

அட்டோல் எனப்படும் வளையத் தீவைக் கேட்கிறீர்கள். முருகை 50 மீட்டருக்குக் கீழே கட்டாது, ஆனால் சுற்றிலும் கடல் பல ஆயிரம் மீட்டர் ஆழம். அப்படியென்றால் பாறை எதன் மேல் நிற்கிறது?

1842ல் டார்வின் ஒரு விளக்கம் சொன்னார். முதலில் ஓர் எரிமலைத் தீவு. அதன் கரையை ஒட்டி முருகை வளர்கிறது, அது கரையோரப் பாறை. தீவு மெல்ல மெல்லக் கடலுக்குள் அமிழ்கிறது, முருகை மேலே மேலே கட்டிக்கொண்டே போகிறது. தீவு சிறுத்து நடுவில் நீர் புகுந்தால் தடுப்புப் பாறை. தீவு முழுதாக மூழ்கிவிட்டால் வளையம் மட்டும் மிஞ்சும். நிரூபிக்க ஆழமாகத் துளைக்க வேண்டியிருந்தது. 1890களின் கடைசியில் பசுபிக்கின் புனாபுட்டியில் துளைத்தார்கள், 300 மீட்டருக்கு மேல் போயும் சுண்ணாம்புதான் வந்தது. 1952ல் எனிவெட்டொக் வளையத்தில் 1,200 மீட்டருக்கும் கீழே போனபோது எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. சொன்னவர் இறந்து 70 ஆண்டுகள் ஆன பிறகு!

ஹவாய்த் தீவுத் தொடரில் இதன் முடிவையும் காணலாம். பசுபிக் தகடு அந்தத் தீவுகளை வடமேற்காக, குளிர்ந்த கடலை நோக்கி, நகர்த்திக்கொண்டே இருக்கிறது. வடக்கே 28 பாகையில் இருக்கும் குரே வளையம்தான் உலகிலேயே வடகோடி அட்டோல். அதற்கப்பால் முருகை கட்டும் வேகத்தைவிட அமிழும் வேகம் கூடிவிடுகிறது, பழைய தீவுகள் கடலடி மலைகளாகக் கிடக்கின்றன.

நாம் இன்று பார்க்கும் பாறைகளின் மேற்பகுதி புவியியல் கணக்கில் மிகவும் இளையது. 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இப்போதைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. கடல் ஏறிய பிறகு, கடந்த 10,000 ஆண்டுகளுக்குள் கட்டப்பட்டவைதான் பெரும்பாலும் இவை.

30 பாகை அகலக்கோட்டைத் தாண்டி வளரும் இடங்கள் உண்டா?

உண்டு. அத்திலாந்திக்கில் பெர்முடா 32 பாகை வடக்கில், வளைகுடா நீரோட்டத்தின் தயவில். ஜப்பானில் குரோசியோ என்ற சூடான நீரோட்டத்தின் தயவில் 33 பாகைக்கு மேலும் பாறைகள் பதிவாகியிருக்கின்றன. தெற்கே லோர்ட் ஹோ தீவு, 31 பாகை. பாரசீக வளைகுடா இன்னொரு வகை அதிசயம். அங்கே கோடையில் நீர் 34 பாகையைத் தாண்டும், அந்தச் சூட்டில் வேறிடத்து முருகை சில வாரத்தில் செத்துவிடும், அங்குள்ளவை பழகிக்கொண்டு வாழ்கின்றன.

குளிர்கடலிலும் முருகை இருக்கிறதாமே?

இருக்கிறது. நோர்வேக்கு அப்பால் 300 முதல் 400 மீட்டர் ஆழத்தில், வெயிலே எட்டாத இருட்டில், ரொஸ்ட் பாறை என்று ஒன்றை 2002ல் கண்டுபிடித்தார்கள், 35 கிலோமீட்டர் நீளம். அந்த இனத்துக்குள் அல்கா இல்லை. நீரோட்டம் கொண்டுவரும் உணவைப் பிடித்துத் தின்று மிக மெதுவாக வளர்கிறது. அல்கா இல்லாத முருகைக்கு வெயிலும் தேவையில்லை, அயன வலயமும் தேவையில்லை.

மோதிரத்தில் பதிக்கும் சிவப்புப் பவளம் இந்தப் பாறையிலிருந்தா எடுக்கிறார்கள்?

இல்லை அம்மா. நவரத்தினத்தில் சேர்க்கும் சிவப்புப் பவளம் பழங்காலத்திலிருந்தே மத்தியதரைக் கடலிலிருந்து வருவது. அது வேறு குடும்பம், பெரும் பாறைகளைக் கட்டுவதில்லை. யவனர் கப்பல்கள் முசிறித் துறைக்குக் கொண்டுவந்த பொருட்களில் பவளமும் ஒன்று. நம் கடலில் இவ்வளவு முருகை இருந்தும் நகைப் பவளம் கப்பலேறி வர வேண்டியிருந்தது.

இலங்கையில் எங்கே இருக்கின்றன?

வடமேற்கில் கற்பிட்டிக்கு அப்பால் இருக்கும் பார் ரீப் பெரியது, 1992ல் சரணாலயமாக்கப்பட்டது. மன்னார் வளைகுடாவிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சுற்றியும் உண்டு. தெற்கே ஹிக்கடுவை, உனவட்டுன, ரூமஸ்ஸல, பொல்ஹேன. கிழக்கே பாசிக்குடா, காயங்கேணி, அப்புறம் நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவு, 2003 முதல் தேசியப் பூங்கா. கல் முருகை இனங்கள் 180க்கும் மேல் நம் கடலில் பதிவாகியிருக்கின்றன.

மாலைதீவு போல நாடு முழுக்கச் சுற்றி ஏன் இல்லை என்று கேட்பீர்கள். மாலைதீவில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. நம்மிடம் இரண்டும் இருக்கின்றன.

எங்கள் தோட்டத்திலிருந்து கடலுக்கு ஒருநாள் பயணம். எங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதினேன் என்று சொல்லலாம். இலங்கைப் படத்தை எடுத்து ஆறுகளைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு வாருங்கள். மகாவலி 335 கிலோமீட்டர் ஓடிக் கொட்டியாரக்குடாவில் விழுகிறது, பிறப்பது நம் மலைகளில். களனி சிவனொளிபாதமலைப் பக்கத்தில் பிறந்து கொழும்புக்கு வடக்கே விழுகிறது. களுகங்கையும் அதே மலைப் பக்கத்திலிருந்துதான். வளவை ஹோர்டன் சமவெளிப் பக்கத்து மலைகளிலிருந்து தெற்கே அம்பலாந்தோட்டைக்குப் போகிறது. கிரிந்தி ஓயா பண்டாரவளைப் பக்கம், மாணிக்க கங்கை நமுனுகலைப் பக்கம். ஒரு மலைக் கானில் ஓடும் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது என்பதைப் பொறுத்து அது மேற்குக் கடலுக்கோ தெற்குக் கடலுக்கோ கிழக்குக் கடலுக்கோ போகிறது.

நீர் மட்டும் போனால் பரவாயில்லை, மண்ணும் போகிறது. மேலே ஆற்று முகத்துவாரத்தைப் பற்றிச் சொன்னது எல்லாம் இங்கேயும் பொருந்தும். திருகோணமலையின் பேர்போன பாறை இருப்பது மகாவலி விழும் குடாவில் அல்ல, வடக்கே தள்ளி நிலாவெளிக்கு எதிரே. கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல போன்ற நீர்த்தேக்கங்கள் கனமான மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, அதுவும் நமக்கு நட்டம்தான். உமா ஓயா கொண்டுவரும் மண் ரன்தம்பே நீர்த்தேக்கத்தை நிரப்பிக்கொண்டிருப்பதை ஊவாக்காரர்கள் அறிவார்கள். நுண்ணிய களி தடுப்பைத் தாண்டிப் போய்விடும், கரைந்த உரமும் அப்படியே. மேற்கிலும் தெற்கிலும் விழும் ஆறுகள் பலவற்றில் இவ்வளவு பெரிய தடுப்புகளும் இல்லை.

இலங்கைப் பாறைகளின் கெடுதிக்கு மலையக மண்தான் முதற்காரணம் என்று நான் சொல்லவில்லை. கடல் சூடேறுவதும், கரையோரத்தில் கல் தோண்டியதும், டைனமைட் போட்டு மீன் பிடித்ததும் பெரிய காரணங்கள். ஆனால் மண் அரிப்பு நம் கைக்கு எட்டுகிற காரணம். அதில் கூலிக்கு வேலை செய்கிறவரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. சரிவில் கானை ஒழுங்காக வெட்டவும் கல் வரம்பு கட்டவும் ஆள் விடுவது நிர்வாகத்தின் பொறுப்பு. பழைய தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யும் முன் குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ போட்டு மண்ணை ஆற விடும் பழக்கம் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. செலவு மிச்சம் என்று அதை விட்டுவிடும் இடங்களில் ஒரு பெருமழைக்கே சரிவு வெறுங்கல்லாகிவிடுகிறது. சொந்தமாக மரக்கறி போடுகிறவர்கள் செய்யக்கூடியதும் உண்டு: உருளைக்கிழங்குப் பாத்தியை மேலிருந்து கீழாக இழுக்காமல் சரிவுக்குக் குறுக்கே போடுவது, வரம்பில் வெட்டிவேர் நடுவது, மழைக்கு முதல்நாள் உரம் வீசாமல் இருப்பது. உரமும் மிஞ்சும், மண்ணும் மிஞ்சும்.

தேயிலைக்குப் போடும் டொலமைட் முருகைக்கல்லை அரைத்ததா?

இல்லை. அது மாத்தளை, திகன பக்கத்தில் வெட்டும் ஒருவகைச் சலவைக்கல். எப்போதோ கடலடியில் படிந்த சுண்ணாம்பு, நிலத்துக்குள் புதைந்து கடும் சூட்டிலும் அமுக்கத்திலும் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே உருமாறியது. இன்றைய கல் முருகைகளின் பரம்பரை தோன்றியது சுமார் 24 கோடி ஆண்டுகளுக்கு முன். அதனால் நம் மலைக் கல்லில் முருகையைத் தேடிப் பயனில்லை.

முருகைக்கல்லைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கியது தென்மேற்குக் கரையில், அம்பலாங்கொடை, அக்குரல, ஹிக்கடுவைப் பக்கங்களில். வீடுகளின் சுவர்ப் பூச்சுக்கு அது நாடெங்கும் போனது. கடலில் முருகைக்கல் தோண்டுவது இப்போது சட்டப்படி குற்றம்.

முருகைப்பாறை சுனாமியைத் தடுக்குமா?

முழுதாகத் தடுக்காது, வேகத்தை உடைக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு தென்மேற்குக் கரையில் செய்த ஓர் ஆய்வில், பாறை இருந்த ஹிக்கடுவையில் அலை 2, 3 மீட்டர் உயரத்தில் வந்து ஏறத்தாழ 50 மீட்டர்தான் உள்ளே போனது என்றும், பக்கத்தில் முருகை தோண்டப்பட்டிருந்த பெரலியவில் 10 மீட்டர் அலை ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே போனது என்றும் பதிவு செய்தார்கள். அந்தச் சுனாமி ஒரு புகையிரதத்தை அடித்து, அதோடு அத்தனை பேர் போனது அந்தப் பெரலியவில்தான். கரையின் வடிவம், கடலடிச் சரிவு என்று வேறு காரணங்களும் சேர்ந்திருக்கும். ஆனாலும் வழக்கமான பருவக்காற்றுக் கால அலைகளைப் பாறை உடைப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

வெளிறல் என்றால் என்ன? கடல் சூடானால் முருகை குளிர்ந்த பக்கம் போய்விடாதா?

வழக்கமான கோடை உச்சத்தைவிட நீர் ஒரு பாகை கூடிச் சில வாரம் நின்றாலே முருகை தன் அல்காவை வெளியே தள்ளிவிடும். நிறம் அல்காவினுடையது, அது போனால் வெள்ளை எலும்பு தெரியும். உடனே செத்துவிடாது, சீக்கிரம் குளிர்ந்தால் அல்கா திரும்பும். நீடித்தால் பட்டினியில் சாகும். 1998ல் ஹிக்கடுவையிலும் பார் ரீப்பிலும் பெரும்பகுதி இப்படிப் போனது, திருகோணமலைப் பக்கம் பெருமளவு தப்பியது. 2016லும் நம் கடலில் வெளிறல் வந்தது. 2024 ஏப்ரலில் நாலாவது உலகளாவிய வெளிறல் அறிவிக்கப்பட்டது.

நகரவும் செய்கின்றன. ஜப்பான் கரையில் சில இனங்கள் ஆண்டுக்கு 14 கிலோமீட்டர் வேகத்தில்கூட வடக்கே பரவியதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் சில முருகை போய் ஒட்டுவது வேறு, பாறை கட்டுவது வேறு. வடக்கே குளிர்கால வெயில் குறைவு என்பது மாறப்போவதில்லை. காபனீரொட்சைட்டு கரைந்து அமிலத்தன்மை ஏறும் கடலில் சுண்ணாம்பு கட்டுவதும் கடினம். உலக வெப்பம் 1.5 பாகை கூடினால் முருகைப்பாறைகளில் 70 முதல் 90 சதவீதம் போகும், 2 பாகையில் 99 சதவீதத்துக்கு மேல் போகும் என்று காலநிலை மாற்றத்துக்கான சர்வதேசக் குழு 2018ல் எழுதியது. எனக்கு இதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் மறைக்காமல் சொல்கிறேன்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்க எது நல்லது, எப்போது?

பருவக்காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நம் பக்கம் தென்மேல் மழை பெய்யும் மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும், அப்போது புறாத்தீவு அல்லது பாசிக்குடா. நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஹிக்கடுவை, கற்பிட்டி. நீந்தத் தெரியாத பிள்ளைகளுக்கு ஹிக்கடுவையில் கண்ணாடி அடித்தளப் படகு உண்டு.

முருகை மேல் ஏறி நிற்க விடாதீர்கள், ஒரு மிதியில் உடைவது மீண்டும் வளரப் பல வருடம் ஆகும். கிளை முருகை வேகமானது, வருடத்துக்குப் பத்துச் சென்றிமீட்டருக்கு மேல் வளரும். உருண்டைக் கல் ஒரு சென்றிமீட்டர் அளவில்தான். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் துண்டைக்கூட எடுத்துவர வேண்டாம், சட்டமும் அனுமதிக்காது. வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட நீண்ட கை வைத்த சட்டை போடுவது மேல், சில களிம்புகளில் உள்ள இரசாயனம் முருகைக்குக் கேடு என்று பலாவும் ஹவாயும் தடை செய்திருக்கின்றன. காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்குப் பிறகு காற்று எழும்பினால் நீர் கலங்கிவிடும்.